பிரிட்டன் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட்ல நம்ம பணம் எப்படி வேலை செய்யுது?

மத்த கம்பெனி ஷேர்களை வாங்கி வச்சிருக்கறதையே தொழிலா பண்ற கம்பெனிதான் இது, 1868ல லண்டன்ல ஆரம்பிச்ச ஃபாரின் அண்ட் கலோனியல்ங்கற டிரஸ்ட் இன்னைக்கும் ஓடுது. அதோட ஷேரை சந்தையில யாரும் வாங்கலாம். பல பேர் பங்கு போட்டு வாங்கின தென்னந்தோப்பு மாதிரி, விலகணும்னா பங்கை இன்னொருத்தருக்கு விக்கணும், அதுக்காக மரத்தை வெட்டறதில்ல. அதனால சந்தை விழும்போது மேனேஜர் அவசரப்பட்டு நல்ல ஷேரை விக்க வேண்டியதில்ல, ஆனா வாங்க ஆள் குறைஞ்சா, உதாரணத்துக்கு 100 பென்ஸ் (பிரிட்டன் காசு) சொத்து இருக்கற டிரஸ்ட் ஷேர் 88 பென்ஸுக்கு போகும், இதான் டிஸ்கவுண்ட். வருஷ வருமானத்துல 15% வரை ஒதுக்கி வச்சு மோசமான வருஷத்துல டிவிடெண்டா, அதாவது ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு தர்ற பங்கா, டிரஸ்ட் கொடுக்கலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச அம்சம் இது. டிஸ்கவுண்ட்ல வாங்கினா லாபம் உறுதின்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லங்க, நீங்க விக்கும்போது அந்த டிஸ்கவுண்ட் இன்னும் பெருசாவும் இருக்கலாம்.