நூறு வருடச் செட்டிநாட்டு வீட்டில் குடும்பத்தோடு குடியேறப் போகிறோம். பாத்ரூம்களை எங்கே, எப்படிக் கட்டுவது?

பழைய சுவரை ஒட்டி மட்டும் கட்டாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டு உலரும். அதன்மேல் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. மேலே ஏறும், அடுத்த அறைப் பூச்சு உப்புப் பூத்து உதிரும், சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரத்தின் முனை உளுத்துப்போகும்.

பெரும்பாலான தேவைக்கு இரண்டாம் கட்டுக்கு (முதல் முற்றத்தை அடுத்து வரும் வீட்டின் பின்பகுதி) பின்னால் தனி அஸ்திவாரத்தில் புதுக்கட்டு போதும். அடுப்படி முன்பே அந்தப் பக்கம்தான் என்பதால் புதுச் சமையலறையும் அங்கே பொருந்தும். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரத்தால் மூடுங்கள். சிமென்ட் கலவையால் அடைத்தால் இரண்டு கட்டடமும் வெவ்வேறாக அமரும்போது விரிசல் விழும். பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டக் கூடாது. தோண்டுவதையும் நான்கு நான்கு அடியாக, மழை இல்லாத மாதங்களில் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் புதுக்கட்டின் மேல்தான். ஆயிரம் லிட்டர் என்றால் தண்ணீரே ஒரு டன்.

வயதானவர்கள் இரவில் முற்றம் தாண்டிப் போக முடியாது. அவர்களுக்காக வளவை (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஒட்டிய ஓர் அறையில், வெளிச்சுவர் உள்ளதாகப் பார்த்து, அறைக்குள் இன்னொரு அறையாகக் கட்டலாம்: 4 அங்குலப் புதுச்சுவர், பழைய சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, அந்த இடைவெளிக்கு மேலும் கீழும் காற்றுத் துளையோடு. தரையைக் கொத்தாமல் 6, 7 அங்குலம் உயர்த்தி, நீர்க்காப்புப் பூசிவிட்டு, குழாய்களை அந்த உயரத்துக்குள் ஓட்டுங்கள். கழிவு பக்கவாட்டில் வெளியேறும் ‘பி டிராப்’ கம்மோடு வாங்கினால் வெளிச்சுவரில் ஒரே துளை போதும். 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு 3 அங்குலச் சரிவு வேண்டும். உயர்த்திய தரையால் வாசலில் படி வரும், அதற்குச் சாய்தளமும் கைப்பிடியும் முதலிலேயே திட்டத்தில் இருக்கட்டும்.

உதிர்ந்த சுவரைச் செங்கல் தெரியும்வரை சுரண்டி, நன்றாக உலரவிட்டு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையால் பூசுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் கனமாக வேண்டாம். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம், பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய கூரைத் தளம்) ஒழுகினால் மேலே காங்கிரீட் போடச் சொல்லும் மேஸ்திரியை மறுத்துவிடுங்கள். 4 அங்குலக் காங்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 23 கிலோ சுமை. உளுத்த உத்தரம் அதைத் தாங்காது. முதலில் ஒவ்வொரு உத்தர முனையையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் தளத்தைத் தொடும் முன் மரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

முற்றத்தைப் பாலிகார்பனேட்டால் மூடவே மூடாதீர்கள். வீட்டுச் சூடு மேலேறி வெளியேறுவதே அதன் வழியாகத்தான். திருட்டுப் பயத்துக்குக் கம்பி வலை போதும். தரையில் பதித்த ஆத்தங்குடி கற்களில் (அந்த ஊரில் கையால் செய்யும் வண்ணச் சிமென்ட் ஓடுகள்) ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பூச்சு அரித்துப்போகும், நிறம் திரும்பாது. ஈரத்துணியால் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.