முதலில் பதில் சொல்பவர்களைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி: ஈரோட்டில் 16 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள் சந்தேகம் கேட்கவும், தெரிந்தவர்கள் பதில் சொல்லவும் தமிழில் ஒரு கேள்வி-பதில் தளத்தை என் மகன் செய்து கொடுத்தான். நான்கு மாதத்தில் 312 பேர் பதிவு செய்தார்கள். ஆனால் வந்த கேள்விகள் 19தான். அதிலும் 11 கேள்விகளுக்குப் பதில் இல்லை. இன்னும் ஆள் சேர்க்க விளம்பரம் கொடுக்கலாமா? நல்ல பதிலுக்குப் புடவை பரிசு என்று அறிவிக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

விளம்பரம் இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் அந்த 11 கேள்விகள்தான் என் மனதை உறுத்துகின்றன. யாரோ ஒரு பெண் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, காலையில் கொடுக்க வேண்டிய பட்டு ப்ளவுஸில் கை ஏன் இழுக்கிறது என்று தயங்கித் தயங்கி எழுதியிருப்பார். மறுநாள் வந்து பார்த்திருப்பார், அதற்கு மறுநாளும். அப்புறம் வந்திருக்க மாட்டார். விளம்பரம் கொடுத்தால் இப்படித் திரும்பிப் போகிறவர்கள்தான் கூடுவார்கள்.

312 பேரில் பெரும்பாலோர் பேசாமல் இருப்பதற்காக வருந்தாதீர்கள். ஜேக்கப் நீல்சன் என்ற இணைய ஆய்வாளர் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார்: இணையக் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார். தோராயக் கணக்குதான். உங்கள் தளத்துக்குப் போட்டால் மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் யாரென்று கண்டுபிடித்து, ஃபோன் செய்து பேசுங்கள். பிறகு அவர்களைப் பத்துப் பேர் ஆக்குங்கள்.

அந்தப் பத்துப் பேர் ஃபேஸ்புக்கில் கிடைக்க மாட்டார்கள், உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். பக்கத்தில் திருப்பூர் இருக்கிறது, கட்டிங் மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெற்ற தையல் டீச்சர், ஊர் ஊராகப் போய் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர், ஆரி வேலை சொல்லிக் கொடுக்கும் அக்கா, இவர்களிடம் போங்கள். போனதும் “எங்கள் தளத்தில் சேருங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். பதில் இல்லாத கேள்வி ஒன்றைக் காட்டி, “மாஸ்டர், இந்த ஃபோட்டோவைப் பாருங்க, கைக்குழியில ஏன் சுருக்கம் விழுது?” என்று கேளுங்கள். கை தேர்ந்த ஆளால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அவர் சொல்வதை நீங்களே எழுதி, அவர் பெயரோடு போடுங்கள். கேட்ட பெண் “சரியாகிவிட்டது” என்று எழுதியதும் அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த கேள்விக்கு அவரே வருவார். இதற்கு ஆடி மாதம் நல்ல சமயம். முகூர்த்தம் இல்லாததால் கல்யாண ப்ளவுஸ் வேலை குறைந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

நீங்களும் எழுத வேண்டும். 16 வருடத்தில் கடைக்கு வந்தவர்கள் கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து, கேள்வியும் பதிலுமாக உங்கள் பெயரிலேயே போடுங்கள். கணினி நிரலாளர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008 செப்டம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது உள்ளே கேள்வி பதில்கள் ஏற்கெனவே இருந்தன. அதற்கு முன் சில வாரங்கள் அழைக்கப்பட்டவர்களை மட்டும் வைத்து நடத்தினார்கள். தானே கேட்டுத் தானே பதில் எழுதுவதை அங்கே இன்றும் வரவேற்கிறார்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தை 2005இல் தொடங்கியவர்கள் ஆரம்பத்தில் பொய்ப் பெயர்களில் தாங்களே பதிவு போட்டதைப் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த வழி உங்களுக்கு வேண்டாம். முகம் தெரியாத இடத்தில் பெண்கள் நம்பி வருவது உங்கள் பெயரைப் பார்த்துத்தான்.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. எல்லோரும் அடி நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நூல் கோர்த்தால் பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வீடியோவில் இதைத் தேட வேண்டுமென்றால் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தில் இருந்தால் அடுத்த வருடம் இன்னொரு பெண் கூகுளில் “அடியில் நூல் சிக்குது” என்று தேடும்போது உங்கள் பக்கம் வந்து நிற்கும். தென்கொரியாவின் நேவர் என்ற தேடுபொறி நிறுவனம் 2002இல் கேள்வி-பதில் பகுதி தொடங்கியபோது, இணையத்தில் கொரிய மொழியில் தகவல் குறைவாகத்தான் இருந்தது. மக்கள் ஒருவருக்கொருவர் எழுதிய பதில்களே அந்தக் குறையை நிரப்பின. தேடுகிறவர்கள் அந்தப் பதில்களுக்காகவே நேவருக்கு வந்தார்கள். தமிழில் தையலுக்கு அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உங்கள் முயற்சி எனக்கு இவ்வளவு பிடித்துப் போனதும் அதனால்தான்.

புடவை பரிசும் வேண்டாம். யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளத்தில் எந்தப் பதிலுக்கும் 2 புள்ளி, சிறந்த பதிலுக்கு 10 புள்ளி என்று கொடுத்தார்கள். புள்ளிக்காகவே ஒற்றை வரி எழுதிவிட்டுப் போனவர்கள் ஏராளம். புடவை என்றால் கேட்கவே வேண்டாம்.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். படிப்பதற்குப் பதிவு கேட்கக் கூடாது, ஃபோன் நம்பரும் கேட்கக் கூடாது. ஃபோட்டோ சேர்ப்பது சுலபமாக இருக்க வேண்டும், ப்ளவுஸின் முதுகைப் பார்க்காமல் யாராலும் குறை சொல்ல முடியாது.

“இதுகூடத் தெரியாதா?” என்ற தொனியில் ஒரு பதில் வந்தாலும் அன்றே நீக்குங்கள், எழுதியவர் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் சரி. புதியவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளும் இடமாகிவிட்டோம் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2018இல் ஒப்புக்கொண்டது. பத்து வருடம் கழித்து அதைத் திருத்துவது கடினம். உங்களுக்கு இப்போதுதான் நான்கு மாதம்.

இன்று கடையை மூடியதும் அந்த 11 கேள்விகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். கூடவே பன்னிரண்டாவதாக என் கேள்வி. அம்மா வைத்திருந்த கால் மிஷினில் தோல் பெல்ட் புதிதாக மாற்றியும் வழுக்குகிறது. என்ன செய்யலாம்? ஃபோட்டோவோடு இந்த வாரம் உங்கள் தளத்தில் போடுகிறேன்.