ஆணி அண்ணாச்சி

கேள்வி: பேரும் புகழும் இல்லாவிட்டாலும் ஊரே நேசித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

எங்கள் அப்பாவைத்தான் சொல்வேன். தூத்துக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் 1979 முதல் 2016 வரை, 37 வருடம் சேல்ஸ்மேனாக இருந்தார். கொத்தனார், ஆசாரி, பிளம்பர் எல்லோருக்கும் அவர் 'ஆணி அண்ணாச்சி'. சாக்கிலிருந்து அள்ளித் தராசில் போட்டால் கிலோவுக்கு நாலைந்து ஆணிதான் முன்னே பின்னே இருக்கும்.

உப்பளம் சூழ்ந்த ஊர். காற்றே இரும்பைத் தின்றுவிடும். அதனால் யார் கீலோ தாழ்ப்பாளோ கேட்டாலும் அப்பா முதலில் கேட்பது, "வீடு எந்தப் பக்கம்?" கடற்கரைப் பக்கம் என்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுத்து வைப்பார். அதற்குக் காசு பத்தாதவர்களிடம், "இரும்பே கொண்டு போங்க, மாட்டுறதுக்கு முன்னால ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்சிருங்க" என்பார்.

பள்ளி விடுமுறையில் சோற்றுத் தூக்கோடு கடைக்குப் போவேன். ஒருநாள் ஒரு அக்கா வந்து, கதவு ஆடுகிறது, கீல் செட் முழுக்க வேண்டும் என்றார். பழைய ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்த அப்பா, "கீலு நல்லாத்தான் இருக்கும்க்கா, மரத்துல ஓட்டைதான் பெருசாயிருக்கு. நாலு தீக்குச்சிய ஃபெவிகால்ல முக்கி உள்ள விட்டு, காஞ்சதும் இதே ஸ்க்ரூவ முடுக்குங்க" என்று அனுப்பிவிட்டார். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்த அக்கா வீடு கட்டியபோது மொத்தச் சாமானும் எங்கள் கடையில்தான் எடுத்தார். எடுக்காமல் போயிருந்தாலும் அப்பா அதையேதான் சொல்லியிருப்பார்.

ஆணியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூட ஆணி ஏன் மெலிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "அந்தக் காலத்துல கம்பிய அச்சுல எத்தன மட்டம் இழுத்தாம்னு எண்ணுனதுளா. இழுக்க இழுக்க மெலியும்லா?" என்றார். பத்தாவது வரைதான் படித்தவர். எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார்களில் அவரும் ஒருவர்.

இரவு ஒன்பதரைக்கு வருவார். மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கை கழுவிய பிறகுதான் எங்களைத் தொடுவார். அப்படியும் விரலில் இரும்பு வாசம் இருக்கும். அந்த வாசத்தோடு அவர் பிசைந்து உருட்டித் தந்த ரசச் சோறு எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது.

2019-ல் போய்விட்டார். எங்கள் தெரு கொள்ளாத கூட்டம். பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கதவில் நான்கு உயரத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் உண்டு. தங்கை நடக்கப் பழகியதும் தானே திறந்து தெருவுக்கு ஓடினாள். அப்போது தாழ்ப்பாளை மேலே ஏற்றினார். பிறகு ஆச்சிக்குக் கை தூக்க முடியாமல் போனது, இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். நான்காவது நான் போட்டது. பக்கவாதம் வந்து அப்பா சக்கர நாற்காலியில் இருந்த வருடம், அவர் கைக்கு எட்டும்படி இன்னும் கீழே மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ கோணலாகப் போய்விட்டது. அப்பா இடது கையால் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.

"பிடிச்சிருக்குளா. அப்படியே இருக்கட்டும்."

அந்தக் கோணல் ஸ்க்ரூவை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.