தெளிந்த தண்ணீரில் மீன் ஏன் சாகிறது?

கேள்வி: இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, இரண்டு நாள் வடிகட்டியை ஓடவிட்ட பின்னரே ஆறு தங்கமீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்குபோல இருந்தும் ஒரு கிழமைக்குள் நான்கு இறந்துவிட்டன. கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா? போத்தல் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, கோண்டாவில், யாழ்ப்பாணம்

பதில்: போத்தல் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்புக் கல்லில் ஊறிவரும் நம் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை தங்கமீனுக்கு ஒத்துக்கொள்ளும். பெரும்பாலும் குற்றம் உங்கள் அவசரத்தில்தான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை அந்த நைத்திரைற்றை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை வடிகட்டியின் பஞ்சில் போதிய அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 கிழமைகள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத அமோனியா, நம்முடையதைப் போன்ற காரத்தன்மையுள்ள தண்ணீரில் இன்னும் கொடிய நஞ்சாகிறது.

மீன் விடுமுன்பே, தினமும் ஒரு சிட்டிகை தீனியைத் தொட்டியில் அழுகவிட்டுப் பற்றீரியாவை வளர்த்திருக்கலாம். இப்போது எஞ்சிய இரு மீன்களே அந்த வேலையைச் செய்யும். ஆகவே தீனியைக் குறைத்து, சோதனையில் அமோனியாவோ நைத்திரைற்றோ தென்படும் நாள்களில் மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றி வாருங்கள். நோயில்லாத பழைய தொட்டியொன்றின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

நைத்திரேற்று தென்பட்டால் தொட்டி பழகிவிட்டது என்ற பொது விதியை நம் ஊரில் அப்படியே நம்ப முடியாது. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலகூடக் குழிகளின் கசிவும் கலப்பதால், குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே இருக்கிறது. சிலவற்றில் அது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையையும் தாண்டுகிறது. (வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், மீனுக்கு முன் அதை எண்ணிக் கிணற்றைச் சோதிப்பியுங்கள்.) எனவே கிணற்றுத் தண்ணீரையும் தனியாகச் சோதித்து அளவைக் குறித்துவைத்து, தொட்டியில் அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு கிழமை தொடர்ந்து பூச்சியமாக இருப்பதையே அடையாளமாகக் கொள்ளுங்கள்.

அதன் பின்னரும் ஆறு தங்கமீன்களுக்கு அந்தத் தொட்டி போதாது. இரண்டோடு நிறுத்துவதே நல்லது. வடிகட்டிப் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.