குத்தூசி போட்டுப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

எனக்கு 26 வயது. இரண்டு வருடமாக முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் பதில் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை நீட்டவே கூசுகிறது. இந்தத் தோலைத் தாண்டி நான் யார் என்றே தெரியவில்லை.
– வாசகி, மன்னார்குடி

முதலில் தோலைப் பற்றிய பயத்தைப் பேசி முடித்துவிடுவோம், சகோதரி. வெண்புள்ளி தொற்றாது. தொழுநோயும் அல்ல; தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கும், வெண்புள்ளியில் தொட்டால் நன்றாகவே தெரியும். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது இது. முன்வினையும் இல்லை, மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. ஒளி சிகிச்சை என்றால் வாரத்துக்கு 2, 3 முறை, மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். முகம் ஓரளவு சீக்கிரம் நிறம் பிடிக்கும், விரல் நுனிகள் அடம்பிடிக்கும். யாரோ சொன்னார்கள் என்று கார்போக அரிசி என்ற நாட்டு மருந்து விதையை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். கொப்புளம் போடும், புண்ணான இடத்திலேயே புதுப் புள்ளி கிளம்பும்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரவு படுக்கும் முன் 10 நிமிடம். இன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனா? யாருடைய சுமையாவது என்னால் குறைந்ததா? யார் மனம் நோகப் பேசினேன், நாளைக்கு அதை எப்படிச் சரிசெய்வேன்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். பதிலில் ஆளும் செயலும் இருக்க வேண்டும். ‘அன்பாக நடந்தேன்’ என்று எழுதினால் அது காற்றில் போகும். ‘எதிர்வீட்டு அத்தைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்’ என்று எழுதுங்கள். தோற்றத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மாதக் கடைசியில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள். அந்தப் பக்கங்களில் ஒரு பெண் தெரிவாள். அவளைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பொறுமை, சிக்கனம், இனிய சொல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்து, நாலாம் நாளே நோட்டை மூடிவிடுவது. மாதத்துக்கு ஒரு குணம் போதும். இன்னொன்று, நோட்டை மற்றவருக்குக் காட்டுவது. காட்டத் தொடங்கியதும் அதுவும் முகப்பூச்சு ஆகிவிடும்.

வழிபாட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். நிறம் திரும்ப வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தால், தினமும் காலையில் கண்ணாடிதான் உங்கள் கடவுளுக்கு மதிப்பெண் போடும். விளக்கேற்றியதும் 5 நிமிடம் அந்த வேண்டுதலை ஒதுக்கிவைத்து, நன்றி மட்டும் சொல்லுங்கள். ராஜகோபாலசுவாமி கோயிலுக்குக் கூட்டமில்லாத காலை வேளையில் போகத் தொடங்குங்கள். கூச்சம் குறையக் குறையச் சனிக்கிழமை, பிறகு வெண்ணெய்த்தாழித் திருவிழாக் கூட்டம். முழுக்கை ரவிக்கைக்குள் ஒளிந்துகொண்டு போனால் கூச்சம் அப்படியே இருக்கும்.

குத்தாலம் பக்கம் மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் விவசாயம் பார்க்கிறார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் விசாரிக்க வேண்டுமா?
– வாசகர், மயிலாடுதுறை

கட்டாயம் விசாரிக்க வேண்டும், ஐயா. நெல் வியாபாரி மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. நடுவயிற்றில் குத்தூசியை இறக்கி, உள்ளே இருக்கும் நெல்லை எடுத்துப் பார்க்கிறார். ‘பையன் எப்படி?’ என்று கேட்டால் ஊரே ‘தங்கமான பிள்ளை’ என்றுதான் சொல்லும். நடந்ததைக் கேளுங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களிடம், கூலி அன்று சாயங்காலமே கைக்கு வந்ததா, அலையவிட்டாரா என்று கேளுங்கள். மளிகைக் கடையில், சொன்ன தேதியில் கடன் தீர்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில், தன் முறை முடிந்ததும் மடையை அடைக்கிறாரா, இருட்டில் திறந்துவிடுகிறாரா? டெல்டாவில் ஒரு மனிதரை அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒருவர் மட்டும் குறை சொன்னால் அது பழைய பகையாகவும் இருக்கலாம். தொடர்பில்லாத மூன்று பேர் ஒன்றையே சொன்னால் நம்புங்கள். அதோடு, மகளும் அவரும் இரண்டு முறையாவது மனம்விட்டுப் பேசட்டும். ‘கடைசியாக எப்போது கோபப்பட்டீர்கள், அதன் பிறகு என்ன செய்தீர்கள்?’ என்று மகள் கேட்கட்டும்.

திருநீறு, தொப்பி, சிலுவை எல்லாமே வெளிவேஷம்தான் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

அவசரப்படாதீர்கள், தம்பி. திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த அப்பூதி அடிகள், திருநாவுக்கரசர் என்னும் அப்பரின் முகத்தையே பார்த்ததில்லை. அவர் தொண்டைக் கேள்விப்பட்டே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். அப்பர் நேரில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை என்கிறது பெரியபுராணம். உருவம் தெரியாமலேயே ஆளை முழுதாக அறிந்திருந்தார். ஆனால் இருவருமே திருநீறு அணிந்தவர்கள்தான், அதை விடவில்லை. அல்லாஹ் உங்கள் உருவங்களையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையும் பார்க்கிறான் என்பது நபிமொழி. மனிதன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்கிறது விவிலியம். ஒரு வாரம் கவனியுங்கள்: பொய் வாய்வரை வந்த நேரத்தில் உங்கள் அடையாளம் நினைவுக்கு வந்து தடுத்ததா? தடுத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தடுக்கவில்லை என்றால், கழற்றுவதற்கு முன் அதை அணிந்தபடியே ஒரு பொய்யை நிறுத்திப் பாருங்கள்.

சிங்கப்பூர் வேலை போய் ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. ‘சிங்கப்பூர்க்காரர்’ என்ற பெயருக்காகக் கடன் வாங்கி மொய் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

இன்றே உண்மையைச் சொல்லத் தொடங்குங்கள். முதலில் மனைவியிடம், அடுத்து அம்மாவிடம், பிறகு கடன் கொடுத்தவரிடம். கடன் கொடுத்தவர் ஊர்வாயிலாகக் கேள்விப்பட்டால் நெருக்குவார். நீங்களே போய், மாதம் எவ்வளவு தர முடியும் என்று சொன்னால் பெரும்பாலும் தவணைக்கு ஒத்துக்கொள்வார். மொய்யைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதியவர்களுக்கு அவர்கள் எழுதியதைத் திருப்பி எழுதுங்கள், அது பாக்கி. மற்ற பத்திரிகைகளுக்குக் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். அதோடு முதல் நாளே போய்ப் பந்தல் வேலையிலும் பந்தி பரிமாறுவதிலும் கைகொடுங்கள்.