ஹோஸ்ட்னா உங்க லேப்டாப் இல்ல தம்பி

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மணலி பக்கம் ஒரு வே பிரிட்ஜ்ல வேல, லாரி எடைய ராஸ்பெர்ரி பை 4-ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற சி புரோகிராம உபுன்டு லேப்டாப்புல கம்பைல் பண்ணி, அதாவது ஓடுற ஃபைலா மாத்தி, பைக்கு காப்பி பண்ணா 'எக்செக் ஃபார்மட் எரர்'னு, இந்த மெஷின்ல ஓடுற ஃபைல் இல்லன்னு வருதாம். கம்பைலுக்கு முன்னாடி ஓட்டுற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்ல ஹோஸ்ட்டுக்கு லேப்டாப் பேரயும் டார்கெட்டுக்கு பை பேரயும் குடுத்திருக்காரு. ஒரு இன்ஸ்டிடியூட்ல டூல்செயின், அதான் கம்பைலரும் அதோட சேந்த டூல்ஸும், தரோம், நாலாயிரம் கட்டுனு சொல்றாங்க, கட்டலாமான்னு கேள்வி.

கட்டாதீங்க. உங்க தப்பு ஒரே ஒரு இடத்துலதான்.

காசிமேட்டுல படக கரையில வச்சு கட்டுறாங்க, ஓடுறது கடல்ல. கான்ஃபிகர் கணக்குல பில்ட்னா கட்டுற இடம், அதான் உங்க லேப்டாப். ஹோஸ்ட்னா ஓடுற இடம், அதான் பை. டார்கெட்ட நீங்க தொடவே வேணாம், அது கம்பைலரையே கம்பைல் பண்றவங்களுக்கு. நீங்க படிச்ச டுடோரியல் சிமேக்ங்கிற வேற பில்ட் டூலுக்கோ ரஸ்ட்ங்கிற வேற லாங்குவேஜுக்கோ எழுதினதா இருக்கும், அங்க ஹோஸ்ட்னா லேப்டாப், டார்கெட்னாதான் பை, அப்படியே தலைகீழ். இத்தன வருஷமா ஒரே வார்த்தைய ஆளுக்கு ஒரு அர்த்தத்துல வச்சுக்கிட்டு புதுசா வர்ற பசங்கள அலைய விடுறாங்க, யாருக்கும் அதப்பத்தி கவலையே இல்ல. சிப் வகையோட பேரும் அதே கததான், டெபியன் லினக்ஸ் ஆர்ம்64ன்னு சொல்றதத்தான் ஜிசிசி கம்பைலர் ஏஆர்ச்64ன்னு சொல்லுது, ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாதீங்க.

பையில எந்த சிப் வகைன்னு காட்டுற 'யுநேம்' கமாண்ட போட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க. 32 பிட் ஓஎஸ் இருந்தாலும் அதோட மையமான கெர்னல் மட்டும் 64 பிட்டா ஓடலாம், அப்ப யுநேம் ஏஆர்ச்64ன்னுதான் காட்டும், அத நம்பி கம்பைல் பண்ணா ஃபைல் கண்ணு முன்னாடி இருந்தும் 'நோ சச் ஃபைல்'னு சொல்லும். அதுக்கு பதிலா டிபிகேஜி கமாண்ட்ல பிரின்ட் ஆர்க்கிடெக்சர் ஆப்ஷன் குடுத்துப் பாருங்க. ஆர்ம்ஹெச்எஃப்னு வந்தா 32 பிட் கம்பைலர், ஆர்ம்64ன்னு வந்தா 64 பிட் கம்பைலர்.

இங்கதான் கடைக்காரங்க விளையாடுறாங்க. 64 பிட் போர்டுனு சொல்லி விக்கிறாங்க, போர்டு 64 பிட்தான், பொய்யில்ல, உள்ள போட்டுக் குடுக்குற மெமரி கார்டுல பழைய 32 பிட் ஓஎஸ், அதுக்குத் தனியா காசு. அந்த ஓஎஸ் இலவசம், நீங்களே டவுன்லோட் பண்ணி எழுதிக்கலாம். இன்ஸ்டிடியூட் நாலாயிரத்துக்குத் தர்ற டூல்செயினும் உபுன்டுல ஆப்ட் இன்ஸ்டால்னு ஒரு வரி அடிச்சா காசில்லாம வர்றதுதான். நம்ம ஏரியா பசங்க ஓவர்டைம் பாத்து சேத்த காச இதுக்கு வாங்குறாங்கன்னு கேக்கும்போது வயிறு எரியுது.

பை ஜீரோ, பை 1 வச்சிருக்கவங்களுக்கு மட்டும் இது வேற. ஜீரோ 2-க்கு பிரச்சன இல்ல, பழைய ஜீரோவுக்குத்தான். அது ஆர்ம்வி6 சிப், அதோட ஓஎஸ்ஸும் ஆர்ம்ஹெச்எஃப்னுதான் பேர் சொல்லும், ஆனா உபுன்டு தர்ற ஆர்ம்ஹெச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7-க்கு எழுதும். பேர் ஒண்ணு, உள்ள சரக்கு வேற. ஓட்டினா 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'னு நிக்கும். கம்பைலருக்கு சிப் வகைய சொல்ற 'மார்ச்' ஆப்ஷன்ல ஆர்ம்வி6 குடுத்தாலும் தீராது, ஏன்னா கம்பைலர் கூட வர்ற லைப்ரரியே வி7-ல இருக்கு. நேரமானாலும் பரவாயில்ல, ஜீரோவுக்குள்ளயே கம்பைல் பண்ணிடுங்க.

உங்களுக்கு பை 4, அதனால மொதல்ல ஆப்ட்ல கம்பைலர போடுங்க. அது இல்லாம ஹோஸ்ட் மட்டும் சரியா குடுத்தா, கான்ஃபிகர் ஒரு வார்னிங்க முணுமுணுத்துட்டு லேப்டாப் ஜிசிசியவே எடுத்துக்கும், நீங்க கவனிக்கவே மாட்டீங்க. 'மேக் டிஸ்ட்கிளீன்' போட்டு பழசத் தொடச்சுட்டு மறுபடி கான்ஃபிகர், மேக். பைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி 'ஃபைல்' கமாண்ட்ல அந்த புரோகிராம் பேரக் குடுத்துப் பாருங்க, எக்ஸ்86ன்னு காட்டுச்சுன்னா அனுப்பாதீங்க, பைக்கான கம்பைலர கான்ஃபிகர் எடுக்கலன்னு அர்த்தம்.