அட் த கேட்ஸ்: ஒரே ஆல்பத்தோடு முடிந்ததா?

அன்புள்ள ஐயா,

பாடகர் டோமஸ் லிண்ட்பெர்க் மறைந்தபோது நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துத்தான் அவருடைய ஸ்வீடிஷ் மெட்டல் குழுவான அட் த கேட்ஸைக் கேட்கத் தொடங்கினேன். ஒரு மாதமாக ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ ஆல்பம்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பல வருட மெட்டல் ரசிகர். “அந்தக் குழு 1996-லேயே முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் செய்தது வெறும் பயிற்சி, பிறகு செய்தது பழைய பெயரை வைத்துப் பிழைப்பு” என்கிறார். அப்படித்தானா? மற்ற ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் சொல்வதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆல்பத்தின் மேல் இருக்கும் பிரியத்தில் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1990-இல் கோதன்பர்க் நகரத்தில் இந்தக் குழு தொடங்கியபோது லிண்ட்பெர்க்குக்கு 18 வயது நிரம்பவில்லை. அவரும் கிட்டார் கலைஞர் ஆல்ஃப் ஸ்வென்சனும் குரொடெஸ்க் என்ற கலைந்துபோன குழுவிலிருந்து வந்தவர்கள். இரட்டையர்களான ஆண்டர்ஸ் பியோர்லரும் யோனஸ் பியோர்லரும் கிட்டாருக்கும் பேஸுக்கும் சேர்ந்தார்கள். டிரம்ஸுக்கு ஏட்ரியன் எர்லண்ட்சன். அன்றைக்கு ஸ்வீடனின் டெத் மெட்டல் (உறுமும் குரலில் பாடும், வேகமான, கனத்த மெட்டல் இசை) என்றால் ஸ்டாக்ஹோம்தான். அங்கே சன்லைட் ஸ்டுடியோவில், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஹெச்எம்-2 என்ற சின்ன பெடலின் எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகிவைத்து, ரம்பம் மரத்தை அறுப்பது மாதிரி ஒரு கிட்டார் ஒலியை உருவாக்கியிருந்தார்கள். கோதன்பர்க் பையன்களுக்கு அந்த வேகம் வேண்டும், கூடவே மெட்டும் வேண்டும். டார்க் ட்ராங்க்விலிட்டி, இன் ஃபிளேம்ஸ் ஆகிய குழுக்களும் அதே ஊர், அதே காலம்.

1992-இல் வந்த முதல் ஆல்பம் ‘த ரெட் இன் த ஸ்கை இஸ் அவர்ஸ்’. ஒலிப்பதிவு மெலிந்துதான் கேட்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாடல்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, காதில் பதிவதற்குள் பாட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். நடுவில் வயலின் வரும். இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்தாமல் தனித்தனி வழியில் போய் எங்கோ சந்திக்கும். ஸ்வென்சனின் விசித்திரமான கற்பனைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பயிற்சி செய்கிறவர்கள் தெரிந்த பாதையில்தான் போவார்கள். இவர்கள் போனது அதுவரை யாரும் போகாத பாதை.

1993-இல் இரண்டாவது ஆல்பத்தோடு ஸ்வென்சன் விலகினார், மார்ட்டின் லார்சன் வந்தார். அடுத்த வருடம் வந்த ‘டெர்மினல் ஸ்பிரிட் டிசீஸ்’ ஆல்பத்தில் பாடல்கள் சுருங்கி, நேராகிவிட்டன. அப்புறம்தான் 1995, ஃப்ரெட்மன் ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம், நீங்கள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த 34 நிமிடங்கள்.

அதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமாக ரிஃப் கீழே ஓடும், மெட்டு அதன் மேல் வரும். இங்கே ரிஃப்தான் மெட்டு. த்ராஷ் மெட்டலின் அதிவேகத்தில் வலதுகை ஓடிக்கொண்டிருக்க, இடதுகை ஒரு துக்கமான மைனர் மெட்டை வாசிக்கிறது. ‘கோல்ட்’ பாட்டில் கிங் டைமண்ட் குழுவின் கிட்டார் கலைஞர் ஆண்டி லாராக் விருந்தினராக வந்து வாசித்த சோலோவைத் தவிர, கிட்டார் பெரும்பாலும் நின்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. எதையெல்லாம் வெட்டினார்கள் என்பது முதல் ஆல்பத்தைக் கேட்டால்தான் புரியும். அவ்வளவையும் வைத்திருந்தவர்கள் வெட்டியது இது.

1996-இல், சுற்றுப்பயணங்களுக்குப் பிறகு ஆண்டர்ஸ் விலக, குழு கலைந்தது. பெரிய புகழ் அதன் பிறகுதான் வந்தது. 2000-க்குப் பின், மெட்டலையும் ஹார்ட்கோர் பங்க் இசையையும் கலக்கும் அமெரிக்க மெட்டல்கோர் குழுக்கள் பலவும் இந்த ஆல்பத்தின் ரிஃப்களை அச்சாக எடுத்துக்கொண்டன. ஒரே அச்சில் வார்த்த நூறு ஆல்பங்களைக் கேட்ட காதுக்கு, அந்த அச்சுதான் அட் த கேட்ஸ் என்று தோன்றிவிட்டது. உங்கள் நண்பரின் கருத்து அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

2008-இல் மேடைக்காக மட்டும் ஒன்றுகூடினார்கள். புதிய ஆல்பம் 2014-இல்தான் வந்தது, 19 வருட இடைவெளிக்குப் பிறகு. அதற்குள் லிண்ட்பெர்க் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகியிருந்தார். நிறைய வாசிக்கிற மனிதர். ‘அட் வார் வித் ரியாலிட்டி’ முழுக்க மாய யதார்த்தவாதத்தை, அதாவது மாயமும் அன்றாடமும் கலந்த இலக்கியப் பாணியை, அடிப்படையாகக் கொண்டது. நம் சிற்றிதழ்களில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸைப் படித்தும் விவாதித்தும் வளர்ந்தவன் நான். அந்த உலகம் ஒரு டெத் மெட்டல் ஆல்பத்தில் எதிரே வந்து நின்றபோது அடைந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. 2018 ஆல்பத்துக்கு, நாஜிகளை எதிர்த்தவர்களைப் பற்றிப் பீட்டர் வைஸ் எழுதிய பெரிய நாவல் அடிப்படை. எண்ணம் பெரியது, ஒலி கொஞ்சம் கலங்கல். அதை நான் அடிக்கடி கேட்பதில்லை.

ஆனால் 2021-இல் வந்த ‘த நைட்மேர் ஆஃப் பீயிங்’ வேறு. அவநம்பிக்கைத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, சாக்ஸபோனைக் கொண்டுவந்து, பாட்டு எங்கே திரும்பும் என்று மறுபடி தெரியாமல் ஆக்கினார்கள். 1992-இல் வயலினைக் கொண்டுவந்த அதே துணிச்சல். பழைய பெயரை வைத்துப் பிழைக்க நினைப்பவர்கள் 1995 ஆல்பத்தையே திருப்பிச் செய்வார்கள். கேட்கவும் வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை.

2023 டிசம்பரில் லிண்ட்பெர்க்குக்கு வாயில் அரிய வகைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. மேலண்ணத்தின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், அடுத்த ஆல்பத்துக்கான பாடல்களை ஒரே நாளில் பாடிப் பதிவு செய்துவிட்டுத்தான் அறுவைக்குப் போனார். 2025 செப்டம்பர் 16 அன்று இறந்தபோது வயது 52. அந்த ஒரு நாளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1996-இல் முடிந்துபோன குழுவுக்காக யாரும் அப்படிப் பாடுவார்களா?

சரி, வரிசை. இப்போது ‘டெர்மினல் ஸ்பிரிட் டிசீஸ்’ கேளுங்கள், உங்களுக்குப் பழகிய ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும். அடுத்து 2014 ஆல்பம், பிறகு 2021. முதல் ஆல்பத்தைக் கடைசியில் வையுங்கள். ஹெட்ஃபோனில், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவையாவது. முதல் தடவை பிடிபடாது. 2021-ஐக் கேட்டுவிட்டு வந்தால் இரண்டாவது தடவையில் வழி தெரியும். நண்பரையும் உட்கார வைத்துக் கேட்க வையுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்